கடலைப் பார்க்க மலை ஏறுங்கள்

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு, என் வீட்டுக்காரருடைய சித்தியும் சித்தப்பாவும் மன்னார்குடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எனக்கு சின்ன அத்தை, மாமா. மாமா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தைக்கு 61 வயது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர ஊரை விட்டுக் கிளம்பாதவர். தெற்கே திருச்செந்தூர் வரைக்கும்தான் வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை விடிகாலை நாகர்கோவிலில் இறங்கினால் ஞாயிறு ராத்திரி பஸ், நடுவில் இருக்கும் நேரத்தில் எதைக் காட்டுவது எதை விடுவது என்று எனக்கு ஒரு வாரமாக யோசனை. ஏனென்றால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் சின்னதுதான், ஆனால் அதற்குள் இருப்பவை கொஞ்சம் இல்லை.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வடக்கே தாடகை மலை தெரியும். ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போல நெற்றி, மூக்கு, முகவாய் எல்லாம் தெரியும், சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெற்கே தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். அரை மணி நேரம் ஸ்கூட்டரில் போனால் கடற்கரை, அரை மணி நேரம் எதிர்ப்பக்கம் போனால் மலையடிவாரம். மலையும் கடலும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று, வெளியூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளக்கும்போதுதான் எனக்கே உறைக்கும்.

முதல் நாள் எல்லோரும் செய்வதையே செய்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கன்னியாகுமரி. முக்கடல் சங்கமத்தில் அந்த நேரத்துக்கே நிற்க இடமில்லை. தொடுவானத்தில் மேகம் கட்டியிருந்தது, சூரியன் மேகத்துக்கு மேலே வந்த பிறகுதான் கண்ணில் பட்டது, அதற்குள் நல்ல வெளிச்சமாகிவிட்டது. கூட்டம் உடனே கலைந்தது. அத்தை பக்கத்தில் இருந்த ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாமாவுக்குக் கடல் மேல் கண் இல்லை, வள்ளுவர் மேல்தான். கரையில் நின்றபடியே எனக்குப் பாடம் எடுத்தார். பீடம் 38 அடி, அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம். சிலை 95 அடி, பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, கூட்டினால் 95. மொத்தம் 133. இந்தக் கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன், ஆனால் முப்பது வருஷம் குறள் நடத்திய ஒருவர் சிலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விரலை நீட்டிச் சொல்வதைக் கேட்பது வேறு. கணபதி ஸ்தபதி செதுக்கி, 2000 ஜனவரி 1 அன்று திறந்த சிலை. அன்றைக்கு டிவியில் பார்த்ததிலிருந்து ஒருநாள் காலடியில் போய் நிற்க வேண்டும் என்று இருந்தாராம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

படகுத்துறை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். எங்களுக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர் இருக்கும்போது காற்று கூடிவிட்டது, படகு இப்போதைக்கு இல்லை என்று அறிவித்தார்கள். இங்கே இது சகஜம். கடல் கொந்தளித்தாலும் நிறுத்துவார்கள், கடல் உள்வாங்கினாலும் நிறுத்துவார்கள், உயிர் விஷயம் என்பதால் குறை சொல்ல முடியாது. ஆனால் எப்போது மறுபடி ஓடும், காத்திருக்கலாமா, திரும்பி வரலாமா என்று வரிசையில் நிற்கும் வயதானவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லலாம். ஒருத்தரும் சொல்லவில்லை. மாமா ஒன்றும் பேசாமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

திரும்பும் வழியில் வட்டக்கோட்டை. பேர்தான் வட்டம், கோட்டை செவ்வகமாகத்தான் இருக்கும். கருங்கல் மதில், அதன் ஒரு பக்கம் நேரே கடலில் கால் வைத்திருக்கும். திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்டவர்மா காலத்தில் டிலனாய் எடுத்துக் கட்டியது. இந்த டிலனாய் கதை மாமாவுக்குத் தெரிந்திருக்கவில்லை, அதனால் நான் ஆசிரியரானேன். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் நடந்த சண்டையில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர் படையிடம் தோற்றார்கள். அப்போது பிடிபட்டவர் டிலனாய். அவரைச் சிறையில் போடாமல் மகாராஜா தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார், அவரும் கடைசிவரை இங்கேயே இருந்து படைத் தலைவராகி, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகிக் கிடக்கிறார். அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கும்.

கோட்டை மதில்மேல் ஏறுவதற்குச் சரிவுப் பாதை உண்டு, படி இல்லை, அதனால் முழங்கால் வலிக்காரரான மாமாவும் ஏறிவிட்டார். மேலே நின்றதும் அத்தை முதன்முறையாகக் கடலைப் பற்றிப் பேசினார். "இங்கேருந்து பாத்தா தண்ணி தெளிஞ்சு தெரியுதே, அங்க கீழ நிக்கும்போது ஒண்ணும் தெரியலையே?" என்றார். அந்த மதில் என்ன பெரிய உயரம். அதற்கே இப்படி என்றால், என்று எனக்கு ஒரு எண்ணம் ஓடியது. அத்தை திரும்பி நிலத்துப் பக்கம் பார்த்து, தனியாக நின்ற ஒரு மலையைக் காட்டி, "அது என்ன மலை?" என்று கேட்டார்.

மருந்துவாழ்மலை.

மதியம் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும். மன்னார்குடிக்காரர்களுக்குக் கிழங்கைச் சோற்றுக்குப் பதிலாகத் தின்பது புதிது, மாமா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அப்புறம் மட்டிப்பழம் கொடுத்தேன். விரல் நீளம்தான் இருக்கும், தோல் காகிதம் மாதிரி, உரித்தால் சதை வெளிர்மஞ்சளாக, வாயில் வைத்ததும் கரையும், உரித்த கையை மோந்தால் தேன் மணம். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் பழம் இதுதான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூரத்து ஊருக்கு அனுப்பினால் சீக்கிரம் கறுத்துக் கனிந்துவிடும், இங்கே வந்துதான் தின்ன வேண்டும்.

சாயங்காலம் முட்டம். நாகர்கோவிலிலிருந்து மேற்கே போக வேண்டும். முட்டத்தைச் சினிமாவில் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார்கள், ஆனால் சினிமாவில் தெரியாதது அந்த மண்ணின் நிறம். செங்கல்லைப் பொடித்துக் கொட்டியது போல செம்மண் மேடு, மழைத் தண்ணீர் அறுத்த ஓடைகள், மேட்டின் விளிம்பில் கரும்பாறைகள், கீழே கடல். கலங்கரை விளக்கத்துக்குள் விடும் நேரம் முடிந்திருந்தது, பாறையில் உட்கார்ந்துகொண்டோம்.

அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எந்த ஊரு மக்கா?" என்று மாமாவையே கேட்டார். மக்கா என்று கூப்பிட்டதில் மாமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பேச்சு வளர்ந்தது. கீழே கடலில் அங்கங்கே கருப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்ததைக் காட்டி அவை தண்ணீருக்குள் இருக்கும் பாறைகள் என்று சொன்னார். ஒரு ஃபைபர் வள்ளம் அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து கரைக்கு வந்ததை நாங்கள் மேலிருந்து பார்த்தோம். வள்ளத்தில் இருப்பவனுக்கு அந்தக் கருப்பு தெரியாதாம், பழக்கத்தில்தான் ஓட்டுவானாம். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க அந்தக் காலத்தில் மேட்டில் ஏறி நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்களாம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் என் மனதில் நின்றுபோனது. ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால், கரையிலிருந்து பல மைல் தள்ளி, நடுக்கடலில் மீன் கூடும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று மாமா கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. கடலில் அடையாளம் என்ன இருக்கிறது? அவர் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். வலது பக்கம் ஒரு மலை உச்சியும் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் வர வேண்டும், இடது பக்கம் இன்னொரு மலையும் ஒரு தோப்பின் முனையும் ஒரே கோட்டில் வர வேண்டும், இரண்டு கோடும் முட்டும் இடத்தில் கல்லைக் கட்டி இறக்கினால் கீழே அந்தப் பார் இருக்கும். ஒவ்வொரு பாருக்கும் ஒரு கணக்கு, அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது. "மலை தெரியல்லேன்னா கடலு தெரியாது" என்றார். நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். வரைபலகையில் நான் கோடு போட்டுக் காட்டும் அதே வடிவகணிதம்தான், ஒரு பேப்பரும் பென்சிலும் இல்லாமல் ஆடுகிற வள்ளத்தில் நின்றுகொண்டு இவர்கள் செய்திருக்கிறார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது நாற்பது வயதில்தான் தெரிய வந்தது.

சூரியன் கடலில் இறங்கி முடிந்து, கலங்கரை விளக்கு சுழலத் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். திரும்பும்போது காரில் அத்தை மெதுவாகக் கேட்டார்: "காலைல கேட்டேனே, அந்த மலைல ஏற முடியுமா?"

என் அப்பா இருந்தவரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது என்னை மருந்துவாழ்மலைக்குக் கூட்டிப்போவார். அப்பா போன பிறகு நான் ஏறவில்லை. 61 வயதில் இவர் கேட்கும்போது நான் என்ன சாக்கு சொல்வது? சரி என்றேன். ராத்திரியே திட்டம் போட்டோம். என் வீட்டுக்காரர் மாமாவைக் கூட்டிக்கொண்டு விடிகாலையிலேயே படகு வரிசைக்குப் போவது, நானும் அத்தையும் மலைக்கு.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் பொத்தையடி. பொத்தை என்றால் எங்கள் பேச்சில் சின்ன மலை, அதன் அடியில் இருக்கிற ஊர். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அதிலிருந்து ஒரு துண்டு விழுந்ததுதான் இந்த மலை என்று கதை. மருந்துச்செடிகள் வாழும் மலை. ஸ்ரீ நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகை இங்கேதான் இருக்கிறது. ஐயா வைகுண்டரின் தலைமைப்பதியான சாமிதோப்பும் பக்கம்தான், அவர் காட்டிய அய்யாவழியில் நடக்கும் அன்புக்கொடி மக்களுக்கு இது புனித மலை. இந்து என்று சொல்கிறவரும் அய்யாவழி என்று சொல்கிறவரும் கேரளத்திலிருந்து வரும் குருவின் பக்தர்களும் சும்மா ஏறிப் பார்க்க வரும் காலேஜ் பையன்களும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள்.

ஐந்தே முக்காலுக்கு ஏறத் தொடங்கினோம், இருட்டு. கையில் டார்ச். முதலில் ஒழுங்கான படிகள். அத்தை செருப்பைக் கழற்றிக் கீழேயே ஒரு கல்லோரம் வைத்துவிட்டு, சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டார். வயலில் நாற்று நட்ட காலத்துப் பழக்கமாம். நான் ஷூ போட்டுக்கொண்டு மூச்சு வாங்க, அவர் ஒரே சீராக ஏறினார், வேகமும் இல்லை நிற்பதும் இல்லை. மேலே போகப் போக படி ஒழுங்கு குறைந்து பாறையும் கல்லுமாகிறது. குரங்குகள் உண்டு, கையில் பை தெரியக் கூடாது, முந்தானைக்குள் மறைத்துவிட்டோம்.

பாதிக்கு மேல் ஏறி ஒரு பாறையில் உட்கார்ந்தபோது கிழக்கு வெளுத்தது. அந்த இடத்தில் மரங்கள் விலகி, திடீரென்று முழுக் கடலும் தெரியும். அத்தை திரும்பிப் பார்த்தவர் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடி இது, கடல் செவுரு மாதிரி எழும்பி நிக்குது!"

அது உண்மைதான். கரையில் நிற்கும்போது கடல் காலடியில் விரிந்து கிடக்கும், தொடுவானம் என்பது தூரத்தில் ஒரு மெல்லிய கோடு. உயரத்துக்குப் போனால் அந்தக் கோடும் நம்மோடு ஏறி வந்து கண்ணுக்கு நேரே நிற்கும், கீழே கிடந்த கடல் அகன்று எழும்பி நிற்பது போலிருக்கும். நான் வகுப்பில் சொல்லும் கணக்கு இது. கரையில் நிற்கும் ஒரு ஆளின் கண்ணுக்குத் தொடுவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரத்தில்தான். 100 மீட்டர் உயரம் ஏறினால் அது 35 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கன்னியாகுமரிக் கரையில் கூட்டத்தோடு நின்று பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் அந்த 5 கிலோமீட்டர் கடலைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் கணக்கைப் பதினைந்து வருஷமாக போர்டில் எழுதுகிறேன், அத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

சூரியன் அந்தச் சுவரிலிருந்து ஒரு கங்கு மாதிரி வந்தது. அன்றைக்கு மேகம் இல்லை. முதலில் எங்கள் பாறை சிவந்தது, கீழே ஊர் இன்னும் இருட்டில் கிடந்தது, அப்புறம் ஒவ்வொரு குளமாகப் பற்றிக்கொண்டது போல வெளிச்சம் விழுந்தது. நாஞ்சில் நாட்டில் எத்தனை குளம் இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் உச்சி. அனுமார் சன்னதி, காற்று, வேறொன்றும் வேண்டாம். தெற்கிலும் கிழக்கிலும் கடல். சாமிதோப்புப் பக்கத்து உப்பளங்கள் கட்டம் கட்டமாக வெள்ளையாக மின்னின. தென்னை, பனை, வாழை, நடுவில் வயல். வடக்கே திரும்பினால் ஆரல்வாய்மொழிக் கணவாயும், முப்பந்தல் பக்கம் எண்ண முடியாத காற்றாலைகளும், அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை அடுக்கடுக்காக நீலமாகப் போவதும். ஆனி, ஆடியில் வீசும் காற்றுக்கு இந்த உச்சியில் கால் ஊன்றி நிற்க முடியாது. மாசியில் சேலை முந்தானை மட்டும்தான் பறந்தது.

அத்தை வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் தன் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர்கள் பக்கம் கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாதாம். வயல் முடியும், உவர் மண் வரும், முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு வரும், படகில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தால் எங்கேயோ ஓரிடத்தில் கடலாகிவிடும். மலை என்றால் ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தள்ளி நிற்பது. "ரெண்டையும் ஒரே கண்ணால பாப்பேன்னு நினைக்கல" என்றார்.

கன்னியாகுமரிப் பக்கம், கடலுக்குள் ஒரு பொட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டது போல. "அதான் வள்ளுவரா?" ஆமாம் என்றேன். உடனே மாமாவுக்கு ஃபோன் போடச் சொன்னார். முதல் தடவை எடுக்கவில்லை. ஒன்பது மணி வாக்கில் அவரே கூப்பிட்டார். முதல் படகுகளிலேயே இடம் கிடைத்து, விவேகானந்தர் பாறையில் இறங்கி, அங்கிருந்து கண்ணாடிப் பாலம் வழியாக நடந்தே வள்ளுவர் பாறைக்கு வந்துவிட்டார்கள். முன்பெல்லாம் வள்ளுவர் பாறைக்குப் படகு போவது பெரும்பாடு, அங்கே ஆழம் குறைவு, பாறைகள் அதிகம், தண்ணீர் கொஞ்சம் தாழ்ந்தாலும் விவேகானந்தர் பாறையோடு நிறுத்திவிடுவார்கள். 2024 டிசம்பர் 30 அன்று இந்தப் பாலத்தைத் திறந்தபிறகு அந்தக் கவலை இல்லை. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், நடுவில் கண்ணாடித் தரைக்குக் கீழே அலை. மாமா கண்ணாடியில் கால் வைக்காமல் ஓரமாகவே நடந்தாராம், பிறகு வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது.

ஸ்பீக்கரில் போட்டேன். "நான் அய்யன் காலடில நிக்கிறேன்" என்றார் மாமா. குரல் தழுதழுத்தது.

"நான் உங்களப் பாத்துக்கிட்டுதான் நிக்கிறேன்" என்றார் அத்தை.

"எங்கருந்து?"

"கரைப் பக்கம் திரும்புங்க. தனியா ஒரு மலை தெரியுதா? அதோட உச்சில."

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மாமா, "தெரியுது. மலை தெரியுது" என்றார். அத்தை முந்தானையைக் கையில் எடுத்து வீசினார். அத்தனை தூரத்தில் அது தெரியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும், இருந்தாலும் வீசினார். அங்கே மாமாவும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார் என்று வீட்டுக்காரர் ஃபோட்டோ அனுப்பினார். அந்த ஃபோட்டோவில் வள்ளுவரின் கால் விரலும் மாமாவின் தூக்கிய கையும் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறேன்.

இறங்குவதுதான் கஷ்டம். ஏறும்போது இருட்டில் தெரியாதது இறங்கும்போது தெரிந்தது, பாறை இடுக்கில் எல்லாம் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் கவர். அத்தை குனிந்து ஒன்றை எடுத்தார், அப்புறம் இன்னொன்று. கடைசியில் நான் கொண்டுபோன துணிப்பை நிறைந்துவிட்டது. சாமி மலை என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவர் குப்பை பொறுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்து எதிரே வந்த பையன்கள் நான்கு பேர் தங்கள் காலி பாட்டிலைப் பைக்குள் போட்டார்கள். கேட்காமலே போட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அடிவாரம் வந்து சாலையில் நின்றபோது கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எங்கள் மாவட்டத்துப் பொத்தைகள் பல, அப்பா காலத்தில் முழுதாக நின்றவை, இன்று பாதி இல்லை. வெட்டிய முகம் வெள்ளையாகத் தெரியும், ரணம் மாதிரி. கட்டடத்துக்குக் கல் வேண்டும், எனக்கும் வீடு இருக்கிறது, அது புரிகிறது. ஆனால் முட்டத்துப் பெரியவர் கையை நீட்டிக் கோடு போட்டுக் காட்டினாரே, அந்தக் கோட்டின் ஒரு முனை மலை உச்சி. அந்த உச்சி போய்விட்டால் அது ஒரு மலையோடு முடிகிற நஷ்டமா? அன்றிலிருந்து இதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

மதியத்துக்கு மேல் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அரண்மனை மட்டும் அவர்களிடமே இருந்துவிட்டது. வேளிமலை அடிவாரத்தில், வெளியே கொதிக்கிற வெயிலிலும் உள்ளே குளுகுளு என்றிருக்கும் மரவேலைப்பாடு. ஆயிரம் பேர் உட்காரும் ஊட்டுப்புரையை, அதாவது சாப்பாட்டுக் கூடத்தை, மாமா அளந்து பார்ப்பது போல நடந்து பார்த்தார். அத்தை தரையைத்தான் பார்த்தார். சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த கருப்புத் தரை, குனிந்தால் முகம் தெரியும். அத்தை கால் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "சாணி மொழுகுற மாதிரி கையாலதான் தேச்சிருப்பாங்க, எத்தனை பொம்பளைங்களோ" என்றார். அரண்மனைக்குப் பத்து தடவையாவது போயிருப்பேன், எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

வடசேரியில் ராத்திரி பஸ் ஏற்றிவிட்டேன், கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம், வழியிலேயே தின்றுவிடச் சொல்லி.

நீங்களும் கன்னியாகுமரி வருவதாக இருந்தால், சூரியோதயத்தைக் கரையில் ஒருநாள் பாருங்கள், மறுநாள் மருந்துவாழ்மலைக்கு வாருங்கள். ஆறு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும், பாட்டிலைத் திரும்பக் கீழே கொண்டுவாருங்கள். தனியாக வேண்டாம், இரண்டு மூன்று பேராக வாருங்கள். முழங்கால் வலி இருக்கிறவர்கள் வட்டக்கோட்டை மதில்மேல் ஏறினால் போதும், அதுவும் நல்ல உயரம்தான்.

நேற்று அத்தை ஃபோன் பண்ணினார். கெண்டைக்கால் வலி போக நான்கு நாள் ஆனதாம். கார்த்திகைக்கு அந்த மலை உச்சியில் தீபம் ஏற்றுவார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டார், மாமா பின்னாலிருந்து காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.